பக்கத்துக் காணியில் மூன்று மாடி: சபையிடம் எதைக் கேட்பது?

கேள்வி:

வண்ணார்பண்ணையில் ஒழுங்கைக்குள் ஒன்றரைப் பரப்புக் காணியில் குடியிருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிழக்குப் பக்கக் காணியை வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் வாங்கி, இரண்டடி மண் போட்டு உயர்த்திக் கட்டுகிறார். முதலில் வீடு என்றுதான் சொன்னார்கள். இப்போது மூன்றாம் தட்டுக்குக் கம்பி நிற்கிறது. அறைக்கு அறை மலசலகூடம் வைக்கிறார்கள். மேசனிடம் கேட்டால் விருந்தினர் விடுதியாம். மலக்குழி வெட்டக் கயிறு பிடித்திருக்கும் இடம் எங்கள் கிணற்றுக்குக் கிட்ட. மாநகர சபைக்குப் போனேன். “பிளான் பாஸ் பண்ணித்தானே அம்மா கட்டுறாங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். அயலவரான எங்களைக் கேட்காமல் எப்படிப் பாஸ் பண்ணினார்கள்? வட்டார உறுப்பினர் அடுத்த அமர்வில் பிரேரணை கொண்டுவந்து நிற்பாட்டித் தருவதாகச் சொல்கிறார். மகன் வழக்குப் போடச் சொல்கிறான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015இல் எங்கள் வீட்டு மேலே ஓர் அறை எடுத்தோம், அதற்குப் பிளான் போடவில்லை. அதை இதற்குள் இழுப்பார்களா?

பதில்:

ரீச்சர், கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதில் தடுக்கி விழக்கூடும்.

இழுப்பார்கள். நீங்கள் முறைப்பாடு கொடுத்த கையோடு அந்தப் பக்கத்தில் இருந்தும் ஒன்று வரும். இடம் பார்க்க வருகிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிலுக்கு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. பத்து வருடம் கடந்துவிட்டதால் அறை தானாகச் சட்டப்படியாகிவிட்டது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். பத்து வருடக் கணக்கு காணி ஆட்சியுரிமைக்கு உரியது. அதைக் கொண்டுவந்து கட்டிட அனுமதிக்குள் செருகிக் கதைப்பது எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டது. சோலை வரிச் சிட்டையில் மேல்மாடி பதிந்திருக்கிறது என்பதும் அனுமதியாகாது. வரி மதிப்பிட வருகிறவர் எழும்பி நிற்பதைக் கணக்கெடுப்பார். அது எப்படி எழும்பியது என்று பார்ப்பது அவருடைய வேலையல்ல.

ஆகவே முதல் வேலை உங்கள் வீட்டில். தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு, இருப்பதை இருக்கிறபடி படம் கீறி, கட்டி முடித்த பிறகு எடுக்கிற ‘பின் அனுமதி’க்கு விண்ணப்பியுங்கள். சாதாரணக் கட்டணத்தை விடக் கூடத்தான் கேட்பார்கள். பின்புறத் திறந்தவெளியும் உயரமும் ஒழுங்கு விதிக்குள் அடங்கினால் தருவார்கள். அடங்கவில்லை என்றால், அதை நீங்களாகக் கண்டுபிடிப்பது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கண்டுபிடிப்பதை விட மேல். விண்ணப்பம் கொடுத்த பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தொடங்குங்கள்.

இனி, உங்களைக் கேட்காமல் எப்படி என்ற கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் சாதாரணக் கட்டிட விண்ணப்பம் ஒன்றுக்கு அயலவரிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வழமையில் உங்களுக்கு ஒரு கடிதமும் வராது. யாழ்ப்பாண மாநகரம் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, அப்படியான இடத்தில் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது. அந்தப் பத்திரத்தைக் கொடுக்கும் அதிகாரம் அதிகார சபையுடையது. அதை அது உள்ளூராட்சி சபைக்குக் கையளித்திருக்கிறது. சபையில் திட்டமிடல் குழு ஒன்று கூடும். பொறியியல் பகுதி, சுகாதாரப் பகுதி, அதிகார சபையின் பிரதிநிதி எல்லாரும் இருந்து, படத்தையும் இடப் பரிசோதனை அறிக்கையையும் 2021இல் வர்த்தமானியில் வந்த திட்டமிடல் ஒழுங்கு விதிகளோடு வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் கொடுப்பார்கள். அயலுக்குப் பிடிக்கிறதா என்ற கேள்வி அந்த மேசைக்கு வருவதேயில்லை. வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். குடியிருப்பு அல்லாத பாவனைக்காவது, காணி வாசலில் பத்து நாள் ஓர் அறிவித்தல் பலகை தொங்கினால் பாதிச் சண்டை அத்திவாரத்தோடு முடிந்துவிடும்.

இதிலேயே உறுப்பினருக்குரிய பதிலும் இருக்கிறது. அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் சபை அமர்வில் கையுயர்த்தி ஒரு தனியாள் அனுமதிப் பத்திரத்தை இரத்துச் செய்ய முடியாது. இதற்குப் பெரிய சட்ட விளக்கம் தேவையில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது, 2025 மே மாதத்தில்தான் அடுத்த தேர்தல். இடையில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, ஆணையாளர்களும் செயலாளர்களும்தான் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் பிளான் பாஸாவது நின்றுபோனதா? பிரேரணை பத்திரிகையில் வரும், அடுத்த நாளும் பக்கத்துக் காணியில் கொங்கிறீற் கலவை இயந்திரம் ஓடும். அது மட்டுமா, உங்கள் விடயம் கட்சிக் கணக்கில் ஏறிவிட்டால் உத்தியோகத்தர்கள் கோப்பைத் தொடவே தயங்குவார்கள். உறுப்பினரிடம் வேறொரு வேலை கொடுக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நடுவிடயம். “பிளான் பாஸ்” என்று சொல்லி அனுப்பினார்களே, அந்த இடத்தில் நீங்கள் திரும்பி வந்திருக்கக்கூடாது. எந்தப் பிளான், எதற்குப் பாஸ்? அனுமதிப் பத்திரம் என்பது காணிக்குக் கொடுத்த ஆசீர்வாதமல்ல. அதில் எத்தனை மாடி, என்ன பாவனை, எல்லையில் இருந்து எவ்வளவு தள்ளி, மலக்குழி எங்கே, வாகனம் எங்கே நிற்பது என்று எல்லாம் இருக்கும், நிபந்தனைகளும் இருக்கும். செல்லுபடிக் காலம் ஒரு வருடம், பிறகு நீடிக்க வேண்டும். இரண்டு மாடி வீட்டுக்கு எடுத்த அனுமதியில் மூன்று மாடி விடுதி எழும்பினால், அது அனுமதி பெற்ற கட்டிடமாகாது. மீறிய கட்டிடம். அந்தச் சட்டத்தில் ‘அபிவிருத்தி வேலை’ என்ற சொல்லுக்குள் கல்லும் சீமெந்தும் மட்டுமில்லை. காணியைத் துண்டு பிரிப்பதும், காணியின் அல்லது கட்டிடத்தின் பாவனையை மாற்றுவதும் அடங்கும். அதாவது ஒரு செங்கல் கூட வைக்காமல் வீட்டு வாசலில் விடுதிப் பலகை கொழுவினாலும் அனுமதி வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் முதலில் இருந்தே விடுதி என்று விண்ணப்பித்து, அந்த வலயத்தில் விடுதிக்கு இடமும் இருந்து, எல்லா அளவும் சரியாக இருந்தால், உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதால் மட்டும் நிறுத்த முடியாது. மேசன் சொன்னதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மேசன்மாருக்கு நாலு அறை கண்டால் ஹொட்டல்தான். வெளிநாட்டில் இருந்து கோடைக்குக் குடும்பத்தோடு வந்து நிற்பதற்காக அறைக்கு அறை குளியலறை வைத்துக் கட்டிய வீடுகள் வண்ணார்பண்ணையில் எத்தனை.

ஆகவே தேவை கோப்பில் உள்ள விபரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதற்குப் பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. கேட்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். வீட்டின் உள் அமைப்புப் படம் முழுவதையும் கேட்டால் மூன்றாம் ஆளின் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழி கிடைக்கும். அனுமதிப் பத்திரத்தின் இலக்கமும் திகதியும், அனுமதித்த பாவனை, மாடிகளின் எண்ணிக்கை, நான்கு எல்லையில் இருந்தும் விட வேண்டிய இடைவெளி, மலக்குழி குறித்திருக்கும் இடம், சுகாதாரப் பகுதியின் அறிக்கை, விதித்த நிபந்தனைகள், நீடிப்பு எடுத்திருந்தால் அதன் திகதி. இவ்வளவும் போதும். காணியைச் சில வருடங்களுக்குள் பிரித்து விற்றிருந்தால் பிரிப்புப் படத்துக்கு அனுமதி இருந்ததா என்றும் கேளுங்கள். பொது விதியில் ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது. அது ஏறக்குறைய 6 பேர்ச். எங்கள் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச் என்பதால் முக்கால் பரப்பு வரை தப்பும், அரைப் பரப்பென்றால் தப்பாது.

ஒழுங்கையையும் அளந்து பாருங்கள். போகிற பாதையின் அகலம்தான் எத்தனை குடியிருப்பு, என்ன பாவனை என்பதை மட்டுப்படுத்துகிறது. குடியிருப்பு அல்லாத பாவனைக்கு வீட்டை விட அகலமான பாதை கேட்பார்கள். அதோடு அந்த ஒழுங்கை சபைக்குரியதா, அல்லது உங்கள் உறுதிகளில் ‘வழி வாய்க்கால்’ என்று எழுதப்பட்ட தனியார் பாதையா என்பதை உறுதியின் அட்டவணையில் பாருங்கள். தனியார் பாதை என்றால் கதை மாறும். வீட்டுக்குப் போய்வர விட்ட பாத்தியதையில் சுற்றுலா வான்கள் வரிசை கட்டலாமா என்பது சபை தீர்க்கிற விடயமல்ல, அங்கேதான் மகன் சொல்கிற சட்டத்தரணி உதவுவார்.

மேல் யன்னல் எங்கள் முற்றத்தைப் பார்க்கிறது, வெளிச்சம் மறைகிறது என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். நல்லது, அது கடைசியாகச் சொல்லத்தக்கது. உங்களிடம் உள்ள வலுவான விடயம் கிணறு.

யாழ்ப்பாணத்தில் ஒரு மலக்குழி எங்கே வெட்டப்படுகிறது என்பது கண்டியிலோ இரத்தினபுரியிலோ இருப்பதைப் போன்ற கேள்வியில்லை. எங்களுக்கு ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரிக்கு மட்டும் ஆறு. குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல், மழை தந்த நல்ல தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும்தான் நிற்கிறது, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்தபடி. மண் தடிப்பாக இருந்தால் கழிவு வடிந்து இறங்கும் வழியில் ஓரளவு சுத்தமாகும். எங்கள் பக்கத்தில் சில அடியிலேயே கல் வந்துவிடுகிறது. அது ஓட்டை பெருத்த அரிதட்டு, எதையும் தேக்காது. நகரத்துக்குக் குழாய்க் கழிவுநீர்த் தொகுதியும் இல்லை. ஒவ்வொரு வீட்டு மலக்குழியும் ஏதோ ஒரு கிணற்றோடு நிலத்துக்கடியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதைப் பல வருடங்களாக ஆய்வுகள் காட்டி வருகின்றன, தோட்டப் பசளையும் மலக்குழிகளும்தான் இரண்டு பெரிய காரணம்.

வழமையாகச் சொல்லப்படும் 50 அடி இடைவெளி ஆகக் குறைந்த அளவு. ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்புத் துண்டுகளில் அதைக் காட்டுவதே கஷ்டம், அதனால் படத்தில் ஒரு மூலையில் குறித்துவிட்டு வேலை நடக்கும்போது வசதியான மூலையில் வெட்டிவிடுவார்கள். படத்தில் பக்கத்துக் கிணற்றைக் காட்டாமலே விடுவதும் நடக்கும். காணியின் சொந்தக் கிணற்றுக்கு 50 அடி சரியாக இருக்கும், அடுத்த வளவில் உங்கள் கிணறு இருப்பதே படத்தில் தெரியாது. நீங்கள் கேட்டு வாங்கும் விபரத்தில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்து அனுமதித்த குழிக்குள் பத்து அறைக் கழிவு போனால் தூரம் சரியாக இருந்தும் பயனில்லை. விடுதிக்கு அடி கட்டிய தாங்கியும் ஊறு குழியும் அந்த அளவுக்குத் தக்கதாக வேண்டும், பாவனை என்ன என்ற கேள்வியும் கிணற்றுக் கேள்வியும் இங்கே ஒன்றாகின்றன. சபைகள் விடுகிற பெரிய குறை என்று நான் நினைப்பதும் இதுதான்: ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒழுங்கை முழுவதும் எத்தனை குழி, எத்தனை கிணறு என்று ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அபிவிருத்தித் திட்ட வரைபடத்தில் வலயங்கள் நிறம் நிறமாக இருக்கும், நிலத்துக்கடியில் நிறம் பிரியாது.

இதற்கு முறைப்பாடு கொடுக்க வேண்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அவருக்கு மேல் சுகாதார வைத்திய அதிகாரி. குழி இன்னும் வெட்டவில்லை, கயிறுதான் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் தகவல் கோரிக்கையின் பதில் வரும்வரை காத்திராமல் இந்தக் கிழமையே கொடுங்கள். வெட்டிக் கட்டி மூடிய குழியை நகர்த்த வைப்பது எவ்வளவு பாடு என்று கேட்காதீர்கள்.

மண் போட்டு உயர்த்தியதைப் பற்றி: மழைத் தண்ணீர் உங்கள் வளவுக்குள் இறங்கினால் அதையும் எழுதுங்கள். தன் காணித் தண்ணீரை வாய்க்காலுக்குக் கொண்டுபோக வேண்டியது கட்டுகிறவர். 2008 நிசா புயல் மழையில் தண்ணீர் எங்கே நின்றது என்று உங்கள் ஒழுங்கைக்காரருக்கு நினைவிருக்கும். அந்த உயரத்தை மதிலில் குறித்துப் படம் எடுத்து வையுங்கள்.

இனி முறைப்பாட்டுக் கடிதம். மாநகர ஆணையாளருக்கு முகவரியிட்டு, மாநகர முதல்வருக்குப் பிரதி, நகர அபிவிருத்தி அதிகார சபையின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் பிரதி, பதிவுத் தபாலில். பிரதேச செயலகத்துக்கும் பொலிஸுக்கும் கொண்டுபோய் அலையாதீர்கள், கட்டிட அனுமதி அவர்களுடைய விடயமல்ல. அயலவரின் குணம், அவர் தகப்பன் காலத்து எல்லைக் கதியால், யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்ற ஊர்க்கதை, ஒன்றும் வேண்டாம். வேலிச் சண்டை வாசனை அடித்தால் கோப்பு அடியில் போய்விடும். அனுமதியில் இன்னது இருக்கிறது, நிலத்தில் இன்னது நடக்கிறது, இன்ன திகதிப் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன, பரிசோதித்து எழுத்தில் பதில் தரவும். ஒரு பக்கம் போதும். அனுமதி விபரம் கிடைக்க முன்னரே அனுப்ப வேண்டி வந்தால், மீறல் என்று அடித்துச் சொல்லாமல் பரிசோதிக்கும்படி மட்டும் கேளுங்கள்.

மீறல் உண்மையென்றால் சபை என்ன செய்யலாம்? அந்த 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28அ பிரிவில் வழி இருக்கிறது. வேலையை உடன் நிறுத்தவும், அனுமதிக்கு ஏற்பத் திருத்தவும், தேவையானால் அகற்றவும் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து இடித்தகற்றும் கட்டளை பெறலாம். நீங்கள் நினைப்பதை விட வலுவான பிரிவு அது. சபைகள் அதைத் தூக்கத் தயங்குவது வேறு கதை: முழுதாக எழும்பிய கட்டிடத்தை இடிக்கக் கேட்க ஒருவருக்கும் மனம் வராது, பின் அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்கி முடிக்கத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு அறைக்கு நான் சொன்ன அதே வழி அவருக்கும் திறந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் மூன்றாம் தட்டுக்கு இன்னும் பிளாற் போடவில்லை. கம்பி நிற்கிற கட்டத்தில் வருகிற நிறுத்தல் அறிவித்தலை எவரும் கொஞ்சம் மதிப்பார்கள்.

மகன் சொல்கிற வழக்கு? அனுமதியில் உள்ளதை அறியாமல் நீதிமன்றம் போனால், முதல் தவணையில் எதிர்த்தரப்பு பத்திரத்தை நீட்டும், நீங்கள் திரும்பி வருவீர்கள். எல்லை, பாதை போன்ற தனியார் உரிமைகளுக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு முன் மத்தியஸ்த சபையில் பேசியும் பார்க்கலாம். குழியை இருபது அடி தள்ளி வெட்டுவதற்கு அயலவர் அங்கே சம்மதித்தாலும் ஆச்சரியமில்லை. கட்டுகிற மாமாவோ மச்சானோ இங்கே நின்றாலும் காசு அனுப்புகிறவர் தூரத்தில் இருக்கிறார், பிரச்சினை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பை முதலில் எடுங்கள் என்று சொன்னால் மகன் சிரிப்பான், பரவாயில்லை.

இவ்வளவு செய்தும் கட்டிடம் முடிந்துவிட்டால் இன்னொரு படலை இருக்கிறது. குடிபுகவோ பாவிக்கவோ முன்னர் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும், கட்டியது அனுமதிப்படிதான் என்று சபை சரிபார்த்துக் கொடுப்பது. விடுதி நடத்த சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் வேண்டும். இரண்டுக்கும் அதே கோப்புத் திறக்கப்படும். திறக்கும்போது உங்கள் கடிதம் பரிசோதகரின் அறிக்கையோடு உள்ளே இருக்க வேண்டும்.

உறுப்பினருக்கு வேறு வேலை என்றேனே, அது இது. ஒழுங்கை வாய்க்காலைத் துப்புரவாக்கி இணைக்கும் வேலையை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள். குடியிருப்பு ஒழுங்கைகளில் விடுதி அனுமதிப்பதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளைப் படத்தில் காட்ட வேண்டும் என்று சபை தீர்மானித்து அதிகார சபைக்கு அனுப்பட்டும். அபிவிருத்தித் திட்டம் திருத்தப்படும்போது அதைத் தூக்கிப் பேச அவருக்கு இடமிருக்கிறது. கொள்கை பேசுவதுதான் அவருடைய கதிரை.

கிணற்றுத் தண்ணீரை இப்போதே பரிசோதித்து வையுங்கள். நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுக்கும் மலக்கிருமிக்கும் பார்க்கச் சொல்லுங்கள், போத்தலை எப்படிக் கழுவி எடுப்பது என்று அவர்களே சொல்வார்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு உள்ளே இருக்க வேண்டும். ஏற்கெனவே கூடியிருந்தால் அது பக்கத்துக் காணியின் வேலையில்லை, உங்கள் சொந்தக் குழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே இருந்தால் அந்த அறிக்கையின் பிரதியை முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்புங்கள். விடுதி ஓடத் தொடங்கிய பிறகு எடுக்கிற அறிக்கையை ஒப்பிட வேறொன்றும் இருக்காது.